பெரியவுக வந்தாக

மதுரையிலிருந்து வந்த ரயில் தேனியில் நின்று, போடிக்குப் போகிறவர்கள் மட்டும் பெட்டியில் மிஞ்சிய பிறகும் வக்கீல் சீனிச்சாமி இடத்தை விட்டு எழவில்லை. பக்கத்தில் ஒரு கைப்பெட்டி. மடியில் நாடா கட்டிய காகிதக் கட்டு. ஜன்னலுக்கு வெளியே மாசி மாத வெயிலில் மேற்கு மலை வெளிறிக் கிடந்தது. இலவம்பஞ்சுச் சிப்பத்தை உருட்டிக்கொண்டு போன ஒருவன், "ஏலே, இங்கன வைக்காத, அங்கன தள்ளு" என்று யாரையோ பார்த்துக் கத்தினான். அந்த 'அங்கன' காதில் விழுந்த பிறகுதான் ஊர் வந்துவிட்டதை உடம்பு ஒத்துக்கொண்டதுபோல எழுந்து, கார்டு கொடியை அசைக்கும் நேரத்தில் அவசரமாக இறங்கினார்.

அப்பீல் வக்கீல்கள் கட்சிக்காரன் வீட்டுக்குப் போவதில்லை. போக வேண்டிய தேவையும் இல்லை. கீழ்க்கோர்ட்டில் சாட்சி வந்து நின்று, அழுது, உளறி, பொய்யும் மெய்யும் சொல்லி முடித்த பிறகு எல்லாம் அச்சாகிப் புத்தகமாக மேலே வரும். அந்தப் புத்தகத்தில் இருப்பதுதான் உலகம். அதில் இல்லாததை ஹைகோர்ட்டில் பேச முடியாது. சீனிச்சாமி அந்தத் தொழிலை விரும்பித்தான் ஏற்றுக்கொண்டார். விரும்பி என்பதைவிடத் தப்பித்து என்று சொல்வதே சரி.

அவருக்கு நாற்பத்திரண்டு வயது. சின்னமனூரில் நஞ்சை உழுது பிழைத்த குடும்பம். அந்தக் குடும்பத்தில் மதுரைக்குப் போய் பி.ஏ.யும் பட்டணத்துக்குப் போய் பி.எல்.லும் படித்த முதல் ஆள் அவர்தான். பெரியகுளத்தில் தொழிலைத் தொடங்கினார். நாலே வருஷத்தில் குறுக்கு விசாரணைக்குப் பேர் வாங்கினார். சீனிச்சாமி எழுந்து நின்றால் சாட்சிக்கு நாக்கு உலரும் என்று சொன்னார்கள். ஒரு வரப்புத் தகராறில் எதிர்த்தரப்புச் சாட்சியாகப் பால்பாண்டி என்று ஒரு குடியானவர் வந்தார். வரப்பில் தென்னை எத்தனை என்று கேட்டார் சீனிச்சாமி. வடக்கிருந்து எண்ணினால் எத்தனை, தெற்கிருந்து எண்ணினால் எத்தனை, வெள்ளத்துக்கு முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை, காய்ப்பது எத்தனை, காய்க்காதது எத்தனை. ஒரு மணி நேரத்தில் அந்த மனிதர் மூன்று கணக்குச் சொல்லிவிட்டார். கோர்ட்டே சிரித்தது. வழக்கு ஜெயித்தது. வெளியே வந்தபோது பால்பாண்டி வாசலில் காத்திருந்தார். முகத்தில் கோபம் இல்லை.

"ஐயா, மரம் பதினொண்ணுதேன். நான் வச்ச மரம். ஒங்களுக்கும் அது தெரியும்ல?"

சீனிச்சாமிக்குத் தெரியும். முந்தின ஞாயிற்றுக்கிழமை தானே போய் எண்ணிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பதில் சொல்லாமல் வண்டியில் ஏறினார். மூன்று மாதத்தில் பட்டணத்துக்குக் குடிபோனார். அங்கே கேஸ் கிடைக்காத முதல் நாலு வருஷம், ஜில்லாக்களிலிருந்து வரும் தமிழ் வாக்குமூலங்களையும் பத்திரங்களையும் இங்கிலீஷில் பெயர்த்துக் கொடுத்து வயிற்றைக் கழுவினார். பிறகு மெல்ல அப்பீல்கள் வரத் தொடங்கின. காகிதம் வாசலில் நின்று கேள்வி கேட்காது. அது அவருக்குப் போதுமாக இருந்தது.

இந்த வழக்கும் காகிதமாகத்தான் வந்தது. தேனிக்குத் தெற்கே, பழனிசெட்டிபட்டியைத் தாண்டி, முல்லையாற்று வாய்க்கால் பாயும் ஒரு சின்ன ஊர். பங்காளிகளுக்குள் மடைத் தகராறு. முத்துவீரன் என்பவன் கழுத்தில் வெட்டுப்பட்டுச் செத்தான். அவனுடைய பெரியப்பன் மக்கள் இரண்டு பேர், மூத்தவன் ஒச்சாண்டி, இளையவன் சுருளியாண்டி, இருவருக்கும் செஷன்ஸ் ஜட்ஜ் தூக்குத் தண்டனை விதித்திருந்தார். நேரில் பார்த்த சாட்சி ஒரே ஒருத்தி, செத்தவன் மனைவி ராமுத்தாய். அண்ணன் தம்பி இருவரும் அன்றைக்குப் போடிச் சந்தையில் இருந்தார்கள் என்பது கீழ்க்கோர்ட்டில் அவர்கள் தரப்பு வாதம். ஒருவரும் நம்பவில்லை. தூக்கை ஹைகோர்ட் உறுதி செய்ய வேண்டும். அதோடு அப்பீலும் சேர்ந்து வரும். "உங்கள் பக்கத்து ஆட்கள். தாயார் மொக்கம்மாள் உங்களையே வைக்கச் சொல்கிறாள்" என்று கீழ்க்கோர்ட் வக்கீல் எழுதியிருந்தார்.

புத்தகத்தில் ராமுத்தாய் கிராம முன்சீப்பிடம் முதன்முதலாகக் கொடுத்த வாக்குமூலம் இங்கிலீஷில் இருந்தது. 'என் கணவன் மடை பார்க்கப் போனான். பெரியவர்கள் அரிவாள்களுடன் வந்தார்கள். வாக்குவாதம் நடந்தது. சுருளி பின்னால் ஓடி வந்து என் கணவனைப் பிடித்துக்கொண்டான். அவர்கள் வெட்டினார்கள்.' கோர்ட்டுக் கூண்டில் அவள் சொன்னதாக இங்கிலீஷில் எழுதியிருந்ததும் அதே அச்சில் வார்த்ததுபோல இருந்தது. சீனிச்சாமி 'பெரியவர்கள்' என்ற இடத்தில் நின்றார். சுருளியாண்டிக்கு வயது இருபத்திரண்டு என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. அவனை எப்படி இவள் பெரியவன் என்பாள்? மறுநாள் ஹைகோர்ட் ஆபீஸில் மனுப் போட்டு மூலத்தை வாங்கிப் பார்த்தார்.

கிராம முன்சீப் அதிகம் படித்தவராக இருக்க முடியாது. அவள் வாயில் வந்ததை வந்தபடியே எழுதியிருந்தார். 'எங்க வீட்டுக்காரவுக மடை பாக்கப் போனாக. நான் கஞ்சி கொண்டு போனேன். பெரியவுக அருவாளோட வந்தாக. வாய்ச்சண்டையாச்சு. சுருளித் தம்பி பொறத்தால ஓடியாந்து புடிச்சான். வெட்டிப்போட்டாக. அருவாள வாய்க்கால்ல எறிஞ்சிட்டுப் போனாக.'

சீனிச்சாமி அதை மூன்று முறை வாசித்தார். நாலாவது முறை உதடு அசைய வாசித்தார். தேனிப் பக்கத்தில் ஒரு பெண் தன் புருஷனை 'போனாக' என்பாள். அவனுக்கு மூத்தவனை 'வந்தாக' என்பாள். ஒற்றை ஆள்தான், மரியாதைக்காக அப்படி. வேறு ஜில்லாக்காரராக இருக்க வேண்டும் மொழிபெயர்த்தவர். புருஷனை மட்டும் சரியாக ஒருவனாக்கிவிட்டு, மூத்தாரைப் பலராக்கிவிட்டார். ஓர் அரிவாள் பல அரிவாள் ஆனது. 'புடிச்சான்' என்றுதான் அவள் சொன்னாள். யாரைப் பிடித்தான் என்று சொல்லவில்லை. 'என் கணவனை' என்பது பெயர்த்தவர் நிரப்பியது. சீனிச்சாமிக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பக்கக் கணக்குக்கு எழுதிய நாட்களில் தானும் இப்படி எத்தனை வாக்கியங்களை அவசரத்தில் நிரப்பியிருப்போம் என்று எண்ணிப் பார்த்தார்.

இளையவனை மீட்க இது போதும். ஆனால் ராமுத்தாய் சொன்னது ஒரே ஒருவனை என்று ஆனால், அந்த ஒருவன் யார் என்பதும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போய்விடும். இரண்டு பேருக்கும் வக்காலத்து வாங்கியிருக்கிறவர், ஒருவனை அவிழ்க்கிற கையாலேயே இன்னொருவனை இறுக்க வேண்டும். இதைக் கடிதத்தில் எழுதித் தபாலில் போட அவருக்கு மனம் வரவில்லை. அதனால்தான் ரயிலேறினார்.

மொக்கம்மாள் வீட்டு முற்றத்தில் மொச்சையைக் காயப்போட்டு, காலால் கிளறிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நெடுநெடுவென்ற உடம்பு. காதில் பாம்படம் இல்லை, தொங்கும் துளை மட்டும் இருந்தது. வண்டியிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் சொருகினாள்.

"வாங்கய்யா. பட்டணத்துலருந்து இம்புட்டுத் தொலைவு நீங்களே வருவீகன்னு நெனக்கல. என்னமும் நல்ல சேதியா?"

"ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன் ஆத்தா."

கயிற்றுக் கட்டிலை நிழலுக்கு இழுத்துப் போட்டு, செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சீனிச்சாமி குடித்தார். முற்றத்தின் கிழக்கே இடுப்புயர மண்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு கூரை, இன்னொரு முற்றம், ஒரு வெள்ளாடு. அது யார் வீடு என்று அவர் கேட்கவில்லை. மொக்கம்மாளும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் யாரோ உரலில் கம்பு குத்தும் சத்தம் வந்துகொண்டிருந்தது. பேச்சுக் குரல் கேட்டதும் உலக்கை ஒரு கணம் நின்று, பிறகு மறுபடி தொடங்கியது. எதிர்த்தரப்புச் சாட்சியோடு பேசக் கூடாது என்பது தொழில் தர்மம். பார்க்கவும் கூடாது என்று தனக்குத் தானே சேர்த்துக்கொண்டு, சீனிச்சாமி கட்டிலில் திரும்பி மேற்குப் பார்த்து உட்கார்ந்தார்.

குரலைத் தாழ்த்தி, "ஒங்க மூத்த மகன ராமுத்தாய் என்ன சொல்லிக் கூப்பிடுவா?" என்று கேட்டார்.

"கூப்பிடவா?" மொக்கம்மாளுக்கு அது கேள்வியாகவே படவில்லை. "மூத்தாரு எதுக்க வரவே மாட்டாளே. இருந்தாலும் பெரியவுக வந்தாக, பெரியவுக சாப்பிட்டாகளாம்பா. அவ மாமியா செத்த பெறகு இந்த வீட்டுலதான மரியாத படிச்சா."

"சின்னவன?"

"அவன் அவளுக்கு எளையவன்ல. சுருளித் தம்பிம்பா. வாடா போடாம்பா. இவ கல்யாணமாகி வந்தப்ப அவன் கோவணத்தோட திரிஞ்ச பய."

சீனிச்சாமி கட்டை அவிழ்த்து அந்தத் தாளின் நகலை எடுத்தார். இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது, தமிழில் என்ன இருக்கிறது, ஹைகோர்ட்டில் எதைக் காட்ட முடியும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். படிக்காதவளுக்குப் புரிய வேண்டுமே என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனார். அவள் அவரைவிட வேகமாக முடிவுக்குப் போய்விட்டிருந்தாள் என்பது, மொச்சையைக் கிளறிய கால் நின்றதில் தெரிந்தது.

"அப்ப அவ சொன்னது ஒத்த ஆளுன்னு ஆகிப்போகும்."

"ஆமா."

"அந்த ஒத்த ஆளு என் மூத்தவன்னு ஆகிப்போகும்."

சீனிச்சாமி தாளை மடித்தார்.

"நீங்க அதச் சொல்லாம இருந்தா?"

"ரெண்டு பேரையும் தூக்குல போட்டுருவாக ஆத்தா. வேற பிடி ஒண்ணும் அந்தப் புத்தகத்துல இல்ல. நான் முழுசாப் பாத்துட்டேன்."

மொக்கம்மாள் கிழக்குச் சுவரைப் பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த காலிச் செம்பை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். "நான் ரெண்டு பேத்துக்கும்தான ஒங்ககிட்டக் காயிதம் குடுத்தேன்" என்றாள். "ரெண்டு பேத்தையும் கொண்டாங்க. இல்லாட்டி ரெண்டும் போகட்டும். எந்தப் பிள்ள வேணும்னு ஏங்கிட்டக் கேக்காதீக. அதக் கேக்க எமனுக்கே வாய் வராது, ஒங்களுக்கு எப்பிடி வந்துச்சு?"

திரும்பி உள்ளே போனவள் வெளியே வரவில்லை. கம்பு குத்தும் சத்தமும் எப்போதோ நின்றுபோயிருந்தது.

மதுரை ஜெயிலில் ஒச்சாண்டியைப் பார்க்க மறுநாள் காலை அனுமதி கிடைத்தது. தூக்குக் கைதிகளின் அறை வரிசையில் கடைசி அறை. வார்டர் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டான். கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தவனுக்கு நாற்பது வயது சொல்லலாம். தாயின் நெடிய உடம்பு அப்படியே வந்திருந்தது. வக்கீலைக் கண்டதும் கும்பிட்டுவிட்டு, இளையவனை இன்னொரு வரிசையில் வைத்திருக்கிறார்கள், சாப்பிடுகிறானா என்று தெரியவில்லை என்றான். அதுதான் அவன் முதலில் பேசியது.

சீனிச்சாமி தாயிடம் சொன்னதையே இவனிடமும் சொன்னார். சொல்லி முடித்து, "என் தொழில் தர்மப்படி இதுக்கு மேல நான் ஒங்க ரெண்டு பேருக்கும் சேர்ந்து ஆஜராகக் கூடாது. ஒனக்கு வேற நல்ல வக்கீல அமத்தித் தாறேன். ஆனா ஒன்னோட காகிதத்த வச்சிருந்தவன் நான். நீ வேணாம்னா இத நான் பேச முடியாது. ரெண்டு வக்காலத்தையும் திருப்பிக் குடுத்துட்டுப் போயிருவேன். வர்ற வேற வக்கீல் கண்ணுல இது படுமோ படாதோ" என்றார்.

ஒச்சாண்டி கம்பியைப் பிடித்தபடி தரையைப் பார்த்தான்.

"அவன் என்னையத்தேன் புடிச்சான்" என்றான். "இடுப்போட சேத்துக் கட்டிப் புடிச்சான். வேண்டாம்ணே வேண்டாம்ணேன்னு. ஒதறித் தள்ளிட்டுப் போனேன். விழுந்தான். அவன் எந்திரிக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"கோர்ட்டுல ஏன் இதச் சொல்லல?"

"சந்தையில இருந்தோம்னு சொன்னா ரெண்டு பேரும் தப்பிச்சிரலாம்னாக. தம்பி சொல்லத்தேன் நின்னான். நாந்தேன் அவன் கையப் புடிச்சு அமத்தினேன். ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிரலாம்டான்னேன்." தரையிலிருந்து கண்ணை எடுத்துக் கேட்டான். "அந்தக் காயிதத்துல ராமுத்தா என்னைய எப்பிடிச் சொல்லியிருக்கா? ஒருக்கா வாசிங்க."

சீனிச்சாமி நகலை வாசித்தார். பெரியவுக அருவாளோட வந்தாக. வெட்டிப்போட்டாக. எறிஞ்சிட்டுப் போனாக.

"என்னைக்குச் சொன்னது இது?"

"அன்னைக்கே. ஒரு மணி நேரத்துல. கிராம முன்சீப் வந்தப்ப."

"முத்துவீரன் அங்கன கெடக்கையிலயா?"

"ஆமா."

"அப்பயுமா வந்தாகன்னா?" ஒச்சாண்டியின் தோள் குலுங்கத் தொடங்கியது. நெற்றியைக் கம்பியில் வைத்துக்கொண்டான். வார்டர் இரண்டடி முன்னால் வந்தான், சீனிச்சாமி கையமர்த்தினார். கூண்டில் சாட்சிகள் அழுது அவர் பார்த்திருக்கிறார். அப்போதெல்லாம் அடுத்த கேள்வி என்ன என்றுதான் மனம் ஓடும். இப்போது கேள்வி எதுவும் இல்லை. கையில் தாளை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

ஒச்சாண்டி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "பேசுங்கய்யா. தம்பிக்கு நீங்களே பேசுங்க. ஆனா ஒண்ணு. நாஞ் சொல்லித்தேன் பேசுனீகன்னு ஆத்தாவுக்குத் தெரிய வேண்டாம். தம்பிக்குத் தெரியவே கூடாது. அண்ணன் தானாக் கழுத்தக் குடுத்துட்டுப் போனான்னு தெரிஞ்சா அவன் மண்ணுல உசுரோட நடமாட மாட்டான். வக்கீலு பண்ணிப்புட்டாருன்னு இருக்கட்டும். ஒங்கள நாலு நாள் வைவாக. பொறுத்துக்கிருவீகளா?"

கட்சிக்காரன் வக்கீலிடம் சொன்னது வக்கீலோடு போக வேண்டும். சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. சீனிச்சாமி அதைச் சொல்லவில்லை. "பொறுத்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

பங்குனி இரண்டாம் வாரம் அப்பீல் விசாரணைக்கு வந்தது. பெஞ்சில் இரண்டு நீதிபதிகள். ஒருவர் வெள்ளைக்காரர், இன்னொருவர் வட ஜில்லாத் தமிழர். ஒச்சாண்டிக்காக சீனிச்சாமியின் நண்பர் ஒருவர் ஆஜரானார். திடீர் ஆத்திரத்தில் நடந்தது, கொலையென்று கொள்ளக் கூடாது என்பது அவர் கட்சி. சீனிச்சாமி இளையவனுக்காக எழுந்தார். வந்தாக, போனாக என்பதற்கு அவர் விளக்கம் சொல்லத் தொடங்கியதும் தமிழ் நீதிபதி இடைமறித்து, "மிஸ்டர் சீனிச்சாமி, இது வாதமா, நீங்கள் சொல்கிற சாட்சியமா? உங்கள் ஊர்ப் பேச்சு உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ரிக்கார்டில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

"முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது, மை லார்ட். மூலத்தை வாசிக்கச் சொல்ல வேண்டும்."

கோர்ட் மொழிபெயர்ப்பாளர் பழுப்பேறிய அந்தத் தாளை எடுத்து வாசித்தார். எங்க வீட்டுக்காரவுக மடை பாக்கப் போனாக. உயரமான அந்தக் கூடத்தில், விசிறி சுற்றுகிற சத்தத்துக்கு நடுவே, ராமுத்தாயின் பேச்சு கேட்டது. சீனிச்சாமி அவள் முகத்தைப் பார்த்ததில்லை. குரலும் கேட்டதில்லை; கம்பு குத்தும் சத்தம்தான் கேட்டிருந்தார். என்றாலும் முதுகுக்குப் பின்னால் அவள் வந்து நிற்பதுபோல இருந்தது.

"புருஷன் ஒருவன்தானே, மை லார்ட்?" என்றார். "அவனைப் 'போனாக' என்கிறாள். அதே மூச்சில் 'பெரியவுக வந்தாக' என்கிறாள். இளையவனைச் சொல்லும்போது மட்டும் 'புடிச்சான்'. மூன்று ஆண்களைப் பற்றி அவள் பேசுகிறாள். இரண்டு பேருக்கு மரியாதை தருகிறாள், ஒருவனைப் பிள்ளையாக நினைத்துப் பேசுகிறாள். வெட்டியதைச் சொல்லும்போது மரியாதையோடு சொல்கிறாள். அரிவாள் ஒன்று. எறிந்ததும் மரியாதையோடுதான். இளையவன் ஓடிவந்து பிடித்தான். யாரைப் பிடித்தான் என்று அவள் சொல்லவில்லை, கீழ்க்கோர்ட்டில் யாரும் அவளைக் கேட்கவும் இல்லை. கேட்காத கேள்விக்கு ஒருவனைத் தூக்கில் போட முடியாது."

தமிழ் நீதிபதி தாளைக் கையில் வாங்கித் தானே வாசித்தார். பிறகு பக்கத்தில் சாய்ந்து வெள்ளைக்காரரிடம் ஏதோ சொன்னார். வெள்ளைக்காரர் நிமிர்ந்து, ஒரு விஷயம் தனக்கு விளங்கவில்லை என்றார். தன் புருஷனை வெட்டியவனை, பிணம் கண்முன்னே கிடக்கும்போது, ஒருத்தி எப்படி மரியாதையாகச் சொல்வாள்?

"வேறு விதமாகச் சொல்ல அவளுக்குத் தெரியாது, மை லார்ட்" என்றார் சீனிச்சாமி.

பக்கத்து நாற்காலியில் இருந்த நண்பர் தன் குறிப்புத் தாளை மடித்து வைத்தார். அவருடைய கட்சிக்காரனுக்கு இனி ஒன்றும் மிச்சமில்லை என்று இருவருக்குமே தெரிந்திருந்தது.

ஒரு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. இரண்டாம் எதிரி சுருளியாண்டிக்கு விடுதலை. முதல் எதிரி ஒச்சாண்டிக்குத் தண்டனை உறுதி.

இனி கவர்னருக்குக் கருணை மனு ஒன்றுதான் வழி. அதை எழுதித் தபாலில் அனுப்பி, தாயின் ரேகையை வாங்கி, ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லியிருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். சீனிச்சாமி மனுவைத் தன் கைப்பட எழுதி எடுத்துக்கொண்டு இரண்டாம் முறையாகத் தேனியில் இறங்கினார்.

சுருளியாண்டி வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. முற்றத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மொட்டையடித்த தலை. வக்கீலைப் பார்த்ததும் எழுந்தான். ஆனால் கும்பிடவில்லை. "எங்கண்ணன் ஒங்ககிட்ட ஏதும் சொல்லுச்சா?" என்று கேட்டான்.

"இல்ல" என்றார் சீனிச்சாமி.

"நான் ஒங்களப் பேசச் சொன்னேனா? ஏங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

"கேக்கல."

அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்து, முடியாமல், கொல்லைப் பக்கம் போய்விட்டான். மொக்கம்மாள் வந்தாள். மனு என்றதும் எங்கே வைக்க வேண்டும் என்று கண்ணாலேயே கேட்டாள். அவர் மைப்பெட்டியைத் திறந்து நீட்ட, இடது கைப் பெருவிரலைத் தோய்த்து அழுத்தினாள். விரலைச் சுவரில் துடைத்துவிட்டு, ஏற்கெனவே கட்டி வைத்திருந்த சின்ன மூட்டையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். மதுரைக்குத்தான், மூத்தவனைப் பார்க்க. வண்டியில் ஏறச் சொன்னார். அது காதில் விழாததுபோல வெயிலில் நடந்தாள்.

ரயிலில் அவள் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஏறியதைப் பார்த்துவிட்டு, சீனிச்சாமியும் அதிலேயே ஏறினார். எதிர்ப்பலகையில்தான் இடம் இருந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, மூட்டையை மடியில் வைத்து, வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எள்ளுருண்டை வாசனை மூட்டையிலிருந்து வந்தது. பெட்டியில் இருந்தவர்கள் கறுப்புக் கோட்டுக்காரரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவர், "எதுவரைக்கும் போறீக?" என்று அவளைக் கேட்டதற்குச் சீனிச்சாமிதான், "மதுரைக்கு" என்றார்.

சொல்லிவிட்டால் என்ன என்று தேனியிலிருந்தே அவருக்குள் ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. உங்கள் மகன்தான் சொன்னான், அவனே கொடுத்தான் என்று ஒரே வாக்கியம். அவள் பழி அவர் தலையிலிருந்து இறங்கிவிடும். ஆனால் இறங்குகிற பழி எங்கே போய் ஏறும் என்பதும் தெரிந்தது. பெரியகுளத்தில் ஒரு முகத்துக்குப் பதில் சொல்ல முடியாமல் வண்டியேறியவர், இந்த முகத்துக்கு எதிரே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து வேறு பெட்டிக்குப் போகலாம். போகவில்லை.

ரேகையின் மை இழுபட்டுவிடும் என்று மனுவை மடிக்காமல், ஒரு அட்டையின் மேல் விரித்து மடியில் வைத்திருந்தார். ஆண்டிபட்டி தாண்டிக் கணவாய் ஏற்றத்தில் இன்ஜின் முக்கியது. புகை முழுதும் பெட்டிக்குள் வந்தது. கரித்தூள் எல்லோர் மேலும் விழுந்தது. பிள்ளைகள் இருமின. சீனிச்சாமி கண்ணில் தூசி விழுந்து, கைக்குட்டையைத் தேடிக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். திறந்து பார்த்தபோது மொக்கம்மாள் முன்னால் குனிந்திருந்தாள். முந்தானை நுனியை விரலில் சுற்றி, தாளின் மேல் விழுந்திருந்த கரியை, எழுத்தின்மேல் துணி உரசாமல், ஒவ்வொரு பொட்டாக ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். தன் ரேகைக்குப் பக்கத்தில் வந்ததும் துணியை எடுத்துவிட்டு, உதட்டைக் குவித்து மெல்ல ஊதினாள். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்னும் கரி விழுந்துகொண்டிருந்தது. அவள் ஊதிக்கொண்டிருந்தாள்.